எட்டு வாரத்துக்கு ஒருமுறை

முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், மெர்ல் ஆன்ட்டி. வலிக்குமா? ரப்பர் பேண்டை இழுத்துத் தோலில் விட்டால் எப்படிச் சுள்ளென்று இருக்கும், அப்படித்தான் இருக்கும் என்று சொல்வேன். எட்டு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் எல்ராயிடமும் சொன்னேன். "ஜெயில்ல செருப்புத் தைக்கிற ஊசியால பச்சை குத்துனானுங்க சிஸ்டர். ரப்பர் பேண்டுக்கெல்லாம் நான் பயப்படுவேனா?" என்று சிரித்தான். முதல் சொடுக்கிலேயே கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றான்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் அவனுடைய சிகிச்சை அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தீர்கள். அடக்கம் முடிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னேன். நீங்கள் உட்காரவில்லை. "இன்னும் எத்தனை தடவை பாக்கி இருந்துச்சு, நடீன்?" என்று கேட்டீர்கள். "ரெண்டு, ஆன்ட்டி," என்றேன். "ரெண்டே ரெண்டு," என்று சொல்லிக்கொண்டே அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனீர்கள்.

நான் சொன்னது உண்மை இல்லை. நேரில் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

குத்திய பச்சையை அழிக்க வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்வேனோ அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றது விளங்கும். லேசர் ஒளி மையை அழிப்பதில்லை, உடைக்கிறது. உடைந்த தூளை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போகிறது. அதற்கு நேரம் கொடுக்கத்தான் எட்டு வார இடைவெளி. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் ஒளியின் அளவைக் குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அளவு சரியாக இருந்தால் பட்ட இடம் உடனே பனி படிந்ததுபோல வெளுக்கும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அளவு போதாவிட்டால் எதுவும் வெளுக்காது. மையும் பெரிதாக உடையாது.

இன்னொன்றும் சொல்வேன். கடையில் பணம் கொடுத்துப் போட்ட வண்ணப் பச்சைதான் சிரமம். சிறையில், ரப்பர் எரித்த கரியில் ஷாம்பூ கலந்து குத்தியது லேசாகப் போய்விடும். மை கொஞ்சம்தான் இருக்கும், ஒரே கறுப்பு. எல்ராயின் கழுத்தில் இடது காதுக்குக் கீழே இருந்த சாவிப் படம் அப்படிப்பட்டது. ஆறு தடவை போதும். அவன் மூன்று வருடம் உள்ளே இருந்தபோது ஒரு ரௌடிக் கூட்டத்தார் தங்கள் அடையாளமாகக் குத்திவிட்டது. வெளியே வந்தபின் அவர்களோடு அவனுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் சாவி இருக்கும்வரை, எதிர்க் கூட்டத்துப் பையன்களுக்கு அவன் அவர்களில் ஒருவன்தான்.

போன வருடம் ஜூலையில் தொடங்கினோம். சனிக்கிழமை காலை பத்து மணி அவனுடைய நேரம். மழையில் நனைந்து வந்தான். கையில் நீங்கள் பொரித்த கூக்சிஸ்டர் பலகாரம், பாகு சொட்டச் சொட்ட, தேங்காய்ப்பூ தூவியது. "ஞாயித்துக்கிழமைக்குச் செய்யறது. இன்னைக்கே வேணும்னு அம்மாவை நச்சரிச்சு வாங்கிட்டு வந்தேன். திட்டிக்கிட்டேதான் போட்டுக் கொடுத்துச்சு," என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்தான். ஆறு கொண்டுவந்தால் நாலை அவனே தின்றுவிடுவான்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேலைக்கு வருவேன், வீட்டுக்குப் போவேன். நவம்பரில் மூன்றாவது தடவை வந்தபோது வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தான். "முடி வெட்டியிருக்கீங்க சிஸ்டர். நல்லாருக்கே. யாருமே சொல்லலையா? கண்ணு அவிஞ்ச ஊரு இது," என்றான். முடியை வெட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. யாரும் சொல்லவில்லைதான்.

சிகிச்சையின்போது அவன் கண்களை மறைப்பால் மூடிவிடுவேன். எல்லோருக்கும் அப்படித்தான். அவர்களால் என்னையும் பார்க்க முடியாது, இயந்திரத்தையும் பார்க்க முடியாது. நான் அவர்களைப் பார்க்கலாம்.

ஜனவரியில் நான்காவது தடவை முடிந்தபோது சாவி சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மார்ச்சில் ஐந்தாவது தடவைக்கு வந்தான். கட்டிலில் படுத்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு தடவைதானே சிஸ்டர்? அதுக்கப்புறம் உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன் பாருங்க," என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்கும் தெரியும். மறைப்பைப் போட்டேன். குளிர்காற்றுக் குழாயைக் கழுத்தருகே வைத்தேன். கூட்ட வேண்டிய அளவைப் பாதிக்கும் கீழே குறைத்தேன்.

தோல் வெளுக்கவில்லை. "முடிஞ்சுதா? வலிக்கவே இல்லையே!" என்று எழுந்து உட்கார்ந்தான். "தோல் பழகிடுச்சு," என்றேன்.

அன்று போகும்போது ஒரு விஷயம் சொன்னான். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரொட்டி சுடும் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். மேலாளருக்கு அவனைப் பிடித்துவிட்டது. "கழுத்து சுத்தமானதும் வாப்பா, ஜூன் வரைக்கும் இடம் வெச்சிருக்கேன்" என்றாராம். அங்கேயே தங்க அறையும் உண்டு என்றான். அவன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மே மாதம் ஆறாவது தடவை. அளவைக் கூட்டவில்லை. அவசரப்பட்டால் அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும், அது சாவியைவிட மோசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஆவதும் உண்டு. நான் கற்பனையாக எதையும் சொல்லவில்லை.

எங்கள் கிளினிக்கின் டாக்டர் சலீ ஒருமுறை அவனுடைய படங்களைப் பார்த்துவிட்டு, "இந்த மை ஏன் இப்படி அடம் பிடிக்குது நடீன்?" என்று கேட்டார். "ஜெயில்ல எதைக் கலந்து தொலைச்சாங்களோ, டாக்டர்," என்றேன். அவர் என்னை நம்புகிறவர்.

ஜூன் போய்விட்டது. ஹோட்டலில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். ஜூலையில் வந்தபோது எல்ராய் கூக்சிஸ்டர் கொண்டுவரவில்லை. பழைய இரும்புக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "அங்க கழுத்தையெல்லாம் எவன் பாக்கறான்? முதுகைத்தான் பாக்கறானுங்க," என்றான். கிடங்குக்குப் போக எதிர்க் கூட்டத்தார் இருக்கும் டாக்ஸி நிலையத்தில் இறங்கி வேறு ஷேர் டாக்ஸிக்கு மாற வேண்டும். அதையும் அவனே சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன். அன்றும் அளவு அதேதான்.

செப்டம்பரில், "போதும் சிஸ்டர், இது போகாது போல. விட்டுடலாம்," என்றான். நான்தான் விடவில்லை. பொறுமையாக இரு, கட்டாயம் போகும் என்றேன். அவனுக்காக ஒரு கழுத்துத்துணி வாங்கி வைத்திருந்தேன். மெல்லிய பருத்தி, கருநீலம். வெயில் படக்கூடாது, வெளியே போனால் இதைச் சுற்றிக்கொள் என்றேன். "இதைக் கட்டுனா அம்மா எந்தப் பொண்ணு கொடுத்தான்னு கேக்குமே," என்றான். நான் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டீர்களா, ஆன்ட்டி? அவன் என்ன சொன்னான்?

நவம்பரில் ஒன்பதாவது தடவை. டிசம்பர் இரண்டாவது வாரம் தென்கிழக்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. டாக்ஸி நிலையத்தில் அவன் வரிசையில் நின்றபோது அந்தத் துணி காற்றில் பறந்துவிட்டது என்றும், அதைப் பிடிக்க ஓடினான் என்றும், அங்கே நின்ற எதிர்க் கூட்டத்துப் பையன்கள் இரண்டு பேர் அவன் கழுத்தைப் பார்த்தார்கள் என்றும் வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். துணியை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே காலரைத் தூக்கிவிட்டிருக்கலாம். ஏன் ஓடினான் என்று தெரியவில்லை. இரவெல்லாம் அதை யோசிக்கிறேன்.

தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியை மூடும் முன்னால் நீங்கள் குனிந்து அவன் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டீர்கள். ஒருமுறை இழுத்தீர்கள், அது இறங்கிவிட்டது. மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றீர்கள். அப்போதே எழுந்துவந்து சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது சரியான பதில் சொல்கிறேன். பாக்கி ஒன்றுமே இருந்திருக்கக் கூடாது. மே மாதமே முடிந்திருக்கும். ஜூனில் அவன் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பான். அந்த டாக்ஸி நிலையத்தில் அவனுக்கு வேலையே இருந்திருக்காது. சாவியை அவன் கழுத்தில் வைத்திருந்தது நான்தான். அது போய்விட்டால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அவன் வருவதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சும்மா வா என்று சொல்லலாம் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

இயந்திரத்தில் எல்லாத் தடவையின் அளவும் பதிந்திருக்கிறது. முதல் நான்கில் ஏறியிருக்கும். ஐந்திலிருந்து இறங்கி அப்படியே நின்றிருக்கும். இந்தக் கடிதத்தின் நகலை டாக்டர் சலீயின் மேசையில் வைத்துவிட்டேன். நீங்களும் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். நான் மறுக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். அவனே உங்களிடம் சொல்லியிருப்பான். கடைசி ஐந்து தடவையும் அவனுக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை, ஆன்ட்டி. அந்த அளவுக்கு நான் அவனைப் பார்த்துக்கொண்டேன்.