இரண்டாவது கண்ணாடித் துண்டு

என் பெயர் மதலைமுத்து, வயது 47, தகப்பனார் பெயர் சவரிமுத்து. கம்பைநல்லூரில் மனைவி, மகளுடன் குடியிருந்து, இருபது வருடமாகக் கட்டிட மேற்பார்வை வேலை செய்து வருகிறேன். இன்று 15.07.2024 காலை யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது யாதெனில்:

தொப்பூரில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சுவர் பங்களா ஒன்று ஓட்டலாக நடக்கிறது. அதன் பழைய தோற்றம் மாறாமல், பின்பக்கம் ஒட்டி மூன்று மாடியில் ஏசி அறைகள் கட்டும் வேலையை நான் பார்த்து வந்தேன். பங்களாவின் பின்சுவரில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்தது. 1-ம் தேதி இன்ஜினியர் மாதவராஜ் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதி, சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், உடைந்தால் வேலையை நிறுத்தித் தனக்குப் போன் செய்ய வேண்டும் என்றார். அந்தச் சுவரை ஒட்டி அஸ்திவாரக் குழியை நான்கடி நீளம் மட்டும் தோண்டி, கான்கிரீட் போட்ட பிறகே அடுத்த நான்கடி தோண்ட வேண்டும் என்றும் சொன்னார்.

8-ம் தேதி, ஜேசிபி மறுநாள் அரூருக்குப் போய்விடும் என்பதால், சுவரின் நீளமான நாற்பதடியையும் ஒரே நாளில் தோண்டச் சொன்னேன். அதன் பிறகு 10-ம் தேதி காலை, ஓட்டலில் கூட்டிப் பெருக்கும் முனியம்மாள் என்னைக் கூப்பிட்டு, "சார், இந்தக் கண்ணாடி ரெண்டா நிக்குதுங்க" என்றார். எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. வேலை நின்றால் என் பேர் கெட்டுவிடும் என்ற பயத்தில், "நீங்கதாங்க்கா வெளக்கமாத்துல இடிச்சிருப்பீங்க. நான் ஒட்டிக்கறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். அவர் அதை நம்பி எனக்கு நன்றி சொன்னார்.

அதன் பிறகு போட்டோவுக்குச் சட்டம் போடும் கடைக்குப் போய் அதே அளவில் கண்ணாடி வெட்டி வாங்கினேன். இன்னொன்றும் உடையும் என்று தெரிந்துதான் இரண்டாக வாங்கினேன். ஒன்றை ஒட்டி, பழைய தேதியையே எழுதி, புதிது என்று தெரியாமலிருக்க சிமெண்ட் தூசியைத் தடவி, படமெடுத்து இன்ஜினியருக்கு அனுப்பினேன். அவர் சரி என்று பதில் போட்டார்.

மறுநாளிலிருந்து முனியம்மாள் அந்தச் சுவரோரம் விளக்குமாறு எடுத்துப் போகவில்லை. மறுபடி கண்ணாடியில் பட்டுவிடக் கூடாது என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்தார். நின்று பெருக்கினால் ஐந்து நிமிட வேலை, உட்கார்ந்து துடைக்க அரை மணி ஆனது. நான் அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

11-ம் தேதி மழை பெய்தது. 12-ம் தேதி காலை எட்டு மணிக்குப் புதுக் கண்ணாடியும் உடைந்திருந்ததைப் பார்த்தேன். அப்போதும் போன் செய்யாமல், 10-ம் தேதி எடுத்த படத்தையே மறுபடி அனுப்பினேன். இரண்டாவது துண்டை மத்தியானம் ஒட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பத்தரை மணிக்குச் சுவர் சரிந்தது. உட்கார்ந்திருந்த முனியம்மாளால் எழுந்து ஓட முடியவில்லை. கற்களை அள்ளியவர்களில் நானும் ஒருவன்.

13-ம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்து, "சார், அன்னிக்கு நான் அந்தக் கண்ணாடிய ஒடைக்காம இருந்திருந்தா செவுரு நின்னிருக்குமுங்களா?" என்று கேட்டார். நான் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நேற்று ஞாயிறு பூசைக்குப் போயும், இந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்று நற்கருணை வாங்கவில்லை.

கண்ணாடியை உடைத்தது தான்தான் என்று முனியம்மாள் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். அது உண்மையல்ல. நான் தோண்டிய குழியால் சுவர் அசைந்துதான் கண்ணாடி உடைந்தது. ஒட்டாமல் மிஞ்சிய இரண்டாவது துண்டைச் செய்தித்தாளில் சுற்றி இத்துடன் ஒப்படைக்கிறேன். முனியம்மாளின் விளக்குமாறு அந்தக் கண்ணாடியில் படவே இல்லை என்ற வரியை மட்டுமாவது யாராவது அவருக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ச. மதலைமுத்து