வாரத்துக்கு ஒரு மடிப்பு

ஹெட்போனின் காது மெத்தைக்கு வெல்வெட் துணி ஆகாது, பொன்னுராஜ் அண்ணாச்சி. செத்த நேரத்தில் வேர்த்துவிடும். பழைய மல் வேட்டிதான் தோது. தெரியாமல் முதலில் வெல்வெட்டில் தைத்து, இவருக்குக் காதைச் சுற்றி வேர்க்குரு வந்தது. நான் தெரியாமல் செய்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் காரணத்தோடு செய்தது.

உங்கள் கூட்டாளி ஏன் மஸ்கட் வேலைக்கு வரவில்லை என்று கேட்க ராஜபாளையம் வரை வந்துவிட்டீர்கள். உங்களுக்கு முறுக்கு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நீங்களும் அவரும் பட்டாளத்தில் ஒரே சிக்னல் கம்பெனி. இருபத்திரண்டு வருடம் நீங்கள்தான் அவரோடு குடும்பம் நடத்தினீர்கள். எனக்கு வருடத்தில் இரண்டு மாத லீவு. எண்பத்தாறில் பென்சனோடு வந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது அந்த ஹெட்போன். டேப்ரிக்கார்டரில் சொருகிக் கண்ணை மூடிவிட்டால் அவ்வளவுதான்.

"ஏங்க, சோறு ஆறுது."

விரல் மட்டும் தொடையில் தாளம் போடும்.

"ஏங்க, வீடு பத்தி எரியுது."

"கொஞ்சமா ஊத்து, போதும்."

எண்பத்தெட்டு வெயிலில் மெத்தையின் ரெக்சின் உரிந்து உதிர ஆரம்பித்தது. கழற்றும்போதெல்லாம் காதைச் சுற்றிக் கறுப்புத் தூள்.

"கரிச்சட்டியில காதை வச்சுத் தூங்குனீயளா?"

"சிரிக்காதட்டி. இந்த மெத்தை மதுரையிலயும் கிடைக்காது."

"மதுரை எதுக்கு? நான் தச்சுத் தாரேன்."

ஸ்பூன் காம்பால் ஓரத்தை நெம்பினால் பழைய மெத்தை வளையமாகக் கழன்று வரும். அந்த அளவுக்குத் துணி வெட்டி, பக்கத்து வீட்டு அய்யம்மாள் பேண்டேஜ் மில்லிலிருந்து கொண்டுவந்த பஞ்சைத் திணித்து, விளிம்பில் எலாஸ்டிக் கோத்தேன். "பட்டாளத்துலகூட இப்படிச் சொகம் கிடையாதுட்டி" என்றார். அதோடு நிறுத்தியிருப்பேன். அந்த வாரம் உங்கள் கடிதம் வந்தது.

துறைமுகத்தில் வயர்லெஸ் வேலை. இரண்டு வருடம். குடும்பத்துக்கு விசா கிடையாது. எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார். நாலாவது தடவை தனியாக வாசித்துக்கொண்டார்.

"மெல்லிசு சத்தம்கூடத் தப்பக் கூடாதாம். எனக்கென்ன, எறும்பு நடந்தாலும் கேக்கும்."

"ஆமா, நான் கூப்பிடுறது மட்டுந்தான் கேக்காது."

மெத்தையைத் துவைக்கிற சாக்கில் கழற்றி, சத்தம் வருகிற ஓட்டைகளின் மேல் பேண்டேஜ் துணியை ஒரு மடிப்பு வைத்து மூடினேன். வாரத்துக்கு ஒரு மடிப்பு, அவசரப்படவில்லை. ஆறாவது வாரத்திலிருந்து துணிக்கு நடுவே பஞ்சும் வைத்தேன். மூன்றில் இருந்த சத்தக் குமிழ் ஒன்பதுக்குப் போனது.

"டேப்பு கெட்டுப்போச்சோ?" என்று என் காதில் மாட்டிவிட்டார்.

"கணீர்னு கேக்குதே" என்றேன்.

டாக்டரிடம் போகிறேன் என்றார். போனால் எழுதிவைத்துவிடுவார்கள், வேலை போய்விடும் என்றேன். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைதோறும் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விட்டேன். சூடு கொஞ்சம் கூடிப்போனாலும் முனகமாட்டார். கல்யாணமான இருபத்துநாலு வருடத்தில் அவர் என் மடியில் தலை வைத்தது அப்போதுதான்.

பிறகு அவரே ஒரு பரீட்சை வைத்தார்.

"ஹெட்போனே வேண்டாம். நீ சமையக்கட்டுல நின்னு மெதுவா என் பேரைச் சொல்லு. வேற எதுன்னாலும் கேட்ட பழக்கத்துல ஊகிச்சிருவேன். பேரைத்தான் நீ சொன்னதே இல்லையே."

"ஐயோ, நான் மாட்டேன்."

"மஸ்கட்டுக்காகட்டி."

சமையல்கட்டில் உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

"கூப்பிட்டியா?"

"மூணு தடவை சொல்லிட்டேன். போங்க, வெக்கமா இருக்கு."

புருஷன் பேரைச் சொல்லிவிட்டு, சொல்லவில்லை என்று சாதிக்கிறவள் இருக்கலாம். சொல்லாமலே சொன்னேன் என்பவள் நம் பக்கத்தில் பிறந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. முகம் வெளுத்துப்போனது. வர இயலாது என்று உங்களுக்கு அன்று சாயங்காலமே எழுதிப்போட்டார்.

இரண்டு வருடம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடுகிற கூட்டத்துக்கும் இப்போது போவதில்லை. யாராவது மெல்லப் பேசினால், கேட்காதோ என்று பயந்து முன்கூட்டியே சிரித்துவைக்கிறார். வாசலில் நீங்களே பார்த்தீர்கள். ஆனால் வீட்டோடு இருக்கிறார். நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஏமாற்றினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அண்ணாச்சி. அவரிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தபோது, பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு மடிப்பையும் சொன்னேன். கடைசியில் சௌந்தரபாண்டியன் என்று பேரையும் சொன்னேன். இரண்டு தடவை தலையை ஆட்டினார். பாட்டுக்கு ஆட்டியிருப்பார். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அது வேறு விஷயம்.