புழுக்கள் இல்லாத ஊற்று

எனக்குப் பூச்சி புழுக்களைக் கண்டால் ஆகாது. மற்றபடி ஜிபாரோடு எனக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை ஐயா.

எங்கள் பட்டப்படிப்பில் வேதியியல், உயிரியல், நிலவியல், இயற்பியல் எல்லாவற்றையும் எல்லோரும் படிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பள்ளியில் வேதியியல் போட்டியில் கிர்கிஸ்தானிலேயே முதலாவதாக வந்தவன் நான். என்னை அரைகுறைகளோடு ஒரே மேசையில் உட்கார வைத்துக் குழுவுக்கே ஒரு மதிப்பெண் போட்டார்கள். எங்கள் நால்வர் குழுவில் எனக்கு வேதியியல் பொறுப்பு, ஜிபாருக்கு உயிரியல். மேய்ப்பர் வீட்டுப் பெண். அவள் வாயைத் திறந்தாலே அந்தக் கிண்டலுக்கு வகுப்பு சிரிக்கும்.

இறுதியாண்டு ஆய்வுக்கு, கோடையில் அவள் குடும்பம் கூடாரம் போடும் மேய்ச்சல் நிலத்து ஊற்றை எடுத்துக்கொண்டோம். அதற்கு மேலே கைவிட்ட சுரங்கம் ஒன்று; முந்தைய ஆண்டு அங்கே மண் சரிந்திருந்தது. ஜிபார் ஓடைக் கற்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"தண்ணி கெட்டுப்போச்சு. போன வருஷம் இருந்த புழு ஒண்ணுகூட இல்ல."

"சோதிக்காம எப்படிச் சொல்ற?"

"நீ புட்டியக் கழுவி முடிக்கிறதுக்குள்ள என் புழு பதில் சொல்லிடும்டா எர்மெக்."

மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் 'புட்டி'. ஆசிரியைகூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார். வலித்தது, மறைப்பானேன்.

ஆய்வகத்தில் ஆர்சனிக் வந்தது. கொஞ்சநஞ்சமல்ல. அவள் சொன்னதுதான் சரி. அவளுடைய புழுவுக்கு நான் கையெழுத்துப் போடுவதா? விடுதிக் குழாய்த் தண்ணீரை வைத்து இன்னொரு முறை அளந்து, அந்த எண்ணைக் கொடுத்தேன்.

எங்கள் படிப்பில் நான்கு பேரும் ஒரே முடிவு சொல்ல வேண்டும். முட்டிக்கொண்டால் எண் வைத்திருப்பவன் பேச்சுதான் நிற்கும். ஜிபார் என் எண்ணை நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப புழுவ வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருக்கும். உன் பாடம், நீ சொன்னா சரி."

தான் எழுதியதை அவளே அடித்தாள். வாய்மொழித் தேர்வில் தடுமாறினாள். யாரும் சிரிக்கவில்லை. அன்று எனக்கு நல்ல பசி. இரண்டு தட்டு லக்மான் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

கோடையில் கூடாரத்துக்கு அழைத்தார்கள். போகாவிட்டால் மரியாதையில்லை. புளித்த குதிரைப்பாலான குமிஸ் மட்டும் குடித்தேன், வயிறு சரியில்லை என்று தேநீரைத் தவிர்த்தேன். ஜிபாரின் அக்காவுக்குப் பால் வற்றியிருந்தது. கைக்குழந்தைக்கு மாவுப்பால் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, படிச்ச புள்ள நீ. ஊத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடுத்தா போதும்ல?"

காய்ச்சினால் ஆர்சனிக் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். முதலாண்டுப் பாடம்.

"நல்லாக் காய்ச்சுங்கக்கா," என்றேன். அதற்குள் அவர்கள் பாதிக் கோடை குடித்தாயிற்று. உண்மையைச் சொன்னால் என் பட்டம்தான் போகும்.

இலையுதிர் காலத்தில் குழந்தையைப் புதைத்தார்கள். ஜிபார் மறுபடி தண்ணீர் எடுத்துத் தலைநகருக்கு அனுப்பினாள். பதில் வந்ததும் நேரே என்னிடம் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"தப்பா அளந்துட்டியாடா? சொல்லு. எல்லாருக்கும் தப்பு வரும். நான் யார்கிட்டயும் போக மாட்டேன்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் ஆய்வகத்தில் முதலில் வந்த எண்ணை அவளிடம் சொன்னேன். தலைநகர் எண்ணோடு ஒத்துப்போனது.

மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் தப்பாக அளந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.