மகள் கட்டிலில் ஜெர்மன் பெண்

சிவாஜிநகரில் பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"எங்க ஸ்டெல்லா கட்டில்ல இப்ப ஒரு ஜெர்மன் பொண்ணு தூங்குது."

"என்னக்கா சொல்றீங்க?"

"யூனிவர்சிட்டில மாத்தி மாத்தி அனுப்பறாங்க. நம்ம பொண்ணு ஆறு மாசம் அங்க படிக்குது. அந்தப் பொண்ணு இங்க அல்சூர் ஏரித் தண்ணிய பாட்டில்ல புடிச்சி ஆராய்ச்சி பண்ணுது."

"அண்ணன் ஒத்துக்கினாரா?"

"எங்க? ஸ்டெல்லா கெளம்பினதுலருந்து அவகிட்ட பேசவே இல்ல. போன் வந்தா எழுந்து வெளிய போயிடுவாரு. ஆனா இந்தப் பொண்ணுகிட்ட மட்டும் தெனமும் இங்கிலீஷ்ல கேப்பாரு, உங்க ஊர்ல இப்ப ரொம்ப குளிரான்னு."

"அது என்ன சொல்லும்?"

"நேத்து ஸ்டெல்லா போன் பண்ணா. அந்தப் பொண்ணுதான் எடுத்துச்சி. 'அங்கிள், நீங்களே கேளுங்க'ன்னு இவரு கைல குடுத்துடுச்சி."

"பேசினாரா?"

"ஸ்வெட்டர் போதுதாம்மான்னு கேட்டாரு. அவ அழுதுட்டா."

"அதுக்கு அண்ணன்?"

"அவ அழுது முடிக்கிற வரைக்கும் போன வெக்காம நின்னாரு."