இரண்டும் கறுப்பு வயர்

எங்கள் தெருவில் முதன்முதலில் பேட்டரி சைக்கிள் வாங்கியவர் எதிர்வீட்டுக் கண்டக்டர். பரிசாக விழுந்தது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். பரிசுக்கு எதற்கு பில் என்று அந்தம்மாள் கேட்ட பிறகு, மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஊர்வம்பு பேசுகிறாளே என்று பார்க்காதீர்கள். கடைசியில் எரிந்தது அந்தச் சைக்கிள்தான்.

தெருமுனை எலக்ட்ரிக் ரிப்பேர் கடை என் கணவருடையது. போர்டில் அவர் பெயர்; உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து வயர் பிரித்தது நான். அவருக்கு வாய் சாமர்த்தியம், எனக்குக் கை சாமர்த்தியம். பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியது. அவர் மாரடைப்பில் போன மறுமாதமே கொழுந்தனார் சாவியை வாங்கிக்கொண்டார். அதுவரை வாடகைப் பாத்திரக் கடையில் கரண்டி எண்ணிக்கொண்டிருந்த மனிதர்.

"அண்ணி, உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? வீட்ல நிம்மதியா இருங்க" என்றார் என்னிடம்.

வருகிறவர்களிடம், "அண்ணிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அண்ணனுக்கு டீ கொடுக்க வருவாங்க, அவ்ளோதான்" என்றார்.

பதினோரு மாதம் அதைக் கேட்டேன். நான் கோபக்காரி இல்லை.

சைக்கிளின் பழைய பேட்டரி செத்துப்போனதால், கண்டக்டர் எங்கோ மலிவாகப் புதியது வாங்கிக் கடைக்குக் கொண்டு வந்தார். அதன் பிளக் சைக்கிளுக்குப் பொருந்தவில்லை. பழையதின் பிளக்கை வெட்டிப் புதியதில் சேர்க்க வேண்டும். புதியதிலோ இரண்டும் கறுப்பு வயர். எது பிளஸ், எது மைனஸ் என்று மீட்டர்தான் சொல்லும். மீட்டரின் சிவப்பு வயர் நுனியில் உள்ள முள்ளைப் பிளஸில் வைத்தால் எண் மட்டும் வரும். மாற்றி வைத்தால் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. கொழுந்தனார் அந்த அளவுக்கு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

கடையிலிருந்து நான் எடுத்துவந்த ஒரே பொருள் அந்த மீட்டர். போன் வந்தது.

"அண்ணி, அண்ணனோட மீட்டரைக் கொண்டு வாங்க. அப்படியே ரெண்டு டீ."

டீ கொதிக்கிற நேரத்தில், மீட்டரில் சிவப்பு வயர் செருகும் துளையில் கறுப்பையும், கறுப்பின் துளையில் சிவப்பையும் மாற்றிச் செருகினேன். இனி அது தலைகீழாகத்தான் சொல்லும். கண்டக்டரின் டீயைத் தெருவில் நின்றே நீட்டினேன். வெளியே வந்து வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் பொய், மற்றபடி நல்ல மனிதர்.

சைக்கிள் கடை வாசலை அடைத்து நின்றது. அதற்குப் பின்னால் கொழுந்தனார் குனிந்திருந்தார். மீட்டரில் கோடு வரவில்லை. திருப்தியாக வயர்களை முறுக்கி டேப் சுற்றினார். பிளக்கைச் செருகும் முன் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணி, சரிதானே?"

பதினோரு மாதத்தில் வேலையைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"சரிதான் தம்பி" என்றேன்.

பேட்டரி மாட்டும்போது சின்னதாக ஒரு பொறி பறப்பது வழக்கம். அன்று பறந்தது சின்னது இல்லை. மலிவு பேட்டரியில் ஆபத்து வந்தால் கரண்டை நிறுத்த எதுவும் இருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். தீப்பிடித்த சைக்கிளைத் தாண்டி அவரால் வர முடியவில்லை.

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான். ஒன்றும் தெரியாதவள் பேச்சைக் கேட்டுப் பிளக்கைச் செருகினால், அது யார் தப்பு?