வலது முன்சக்கரம்

அவிநாசியப்பர் மேல் ஆணை, இன்ஸ்பெக்டர் தம்பி. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முன்சக்கரத்துப் பேரிங்குக்கு வீட்டிலேயே கிரீஸ் வைப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. பொறுமையும் கொஞ்சம் பழைய வேட்டித் துணியும் இருந்தால் போதும்.

ஊரே மாருதிக்கு மாறிய பிறகும் நான் அம்பாசிடரை விடவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, வலது முன்சக்கரத்தைக் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் அலசி உலர வைத்தேன். உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, குண்டுகளுக்கு நடுவே பிதுங்கும்வரை அழுத்தினேன்.

என் மனைவி பழனியாத்தாளின் அண்ணன் தம்பிதுரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் ஃபவுண்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே உலகத்தில் உள்ள இரும்பெல்லாம் அவருக்குத் தெரியும்.

"ஏனுங் மாப்பிளே, கிரீஸு வெக்கறீங்களா, ஒப்புட்டுக்கு நெய் தடவறீங்களா?"

எனக்குப் பெண் கொடுத்த நாளிலிருந்து இப்படித்தான். என் மகள் கல்யாணத்தில், "அது நம்ம அரங்கசாமி மாப்பிளை மாட்டுன ஃபேனுங்க. பொண்ணையும் பையனையும் கொஞ்சம் தள்ளி உக்கார வையுங்க" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டேன்.

பேரிங்கை மாட்டி, நட்டை முடுக்கி, துளி தளர்த்தினேன். அந்த நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு சின்னக் கம்பி ஊசியைச் செருகி வளைத்துவிட வேண்டும். ஊசி இல்லாவிட்டால் ஓட ஓட நட்டு கழன்று, சக்கரம் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

அப்போது உள்ளேயிருந்து பழனியாத்தாள் கூப்பிட்டாள். "ஏனுங்க, தோசை ஆறிப்போவுதுங்க. கையக் கழுவிப்போட்டு வாங்க."

போனேன். சாப்பிட்டேன். திரும்பி வந்து மூடியைத் தட்டி, சக்கரத்தை மாட்டினேன். ஊசி தரையில் விரித்திருந்த சாக்கின் மேலேயே கிடந்தது. வேண்டுமென்றேதான் விட்டேன். அதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கொடுமுடி கோயிலுக்குப் பயணம். மச்சான் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க கை வெச்ச வண்டி. ஸ்டியரிங்காச்சும் வெவரந் தெரிஞ்சவன் கைல இருக்கட்டுமுங்க." என் திட்டத்துக்கு அவரே ஒத்துழைத்தார். பெருந்தன்மையான மனிதர்.

அவிநாசி தாண்டியதும் சக்கரம் காரை முந்தியது. நேராகப் போய், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, ஒரு டீக்கடை பெஞ்சில் சாய்ந்து நின்றது. துளி சத்தமில்லை. கிரீஸ் அப்படி.

"அட, அது யாரு வண்டிச் சக்கரமுங்க?" என்று கேட்டதுதான் மச்சானின் கடைசிப் பேச்சு. வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. அவர் இருந்த பக்கம் மட்டும்தான் நசுங்கியது.

"கவனக்குறைவுன்னு போட்டுக்கலாமுங்க ஐயா" என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் வேண்டாம். கொலைகாரன் என்றால் ஊர் பயப்படும். கவனக்குறைவு என்றால் சிரிக்கும். "தோசை திங்கப் போயி ஊசிய மறந்துபோட்டானாமா அரங்கசாமி" என்று கருமாதிப் பந்தியிலேயே பேசுவார்கள். மச்சான் இத்தனை காலம் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும். செத்த பிறகும் அவர் ஜெயிப்பதை நான் அனுமதிக்க முடியாது. ஆகவே இது கொலை. திட்டமிட்டு, நிதானமாக, நான் செய்த கொலை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சக்கரம் கழன்றபோது மச்சானுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். பின்சீட்டில் பழனியாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தாள்.