காலி அலைவரிசை

மேடையில் ஒலி பார்ப்பவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு. பட்டுக்கோட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

லியாகத் அலியின் இசைக்குழுவுக்கு இருபத்திரண்டு வருடங்களாக நான்தான் ஒலி. எழில்மொழி பாட வந்து இரண்டு வருடம். பாட்டு சுமார்தான். ஆனால் காதுக்குள் செருகிக்கொள்ளும் வயர்லெஸ் கருவி வேண்டுமாம்; தன் குரல் தனக்கே கேட்க வேண்டுமாம். ஊரார் கேட்டுப் படுகிற பாடு போதாது போலிருக்கிறது. வாங்கிக் கொடுத்தார்கள்.

ஊருக்கு ஊர் காலியான அலைவரிசையைத் தேடிப் பிடித்து, எல்.இ.டி. திரையின் இரைச்சல் கலக்காமல் ஆன்டெனாவைத் தள்ளி வைத்து, அவள் குரலைத் தூசு படாமல் அவள் காதில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்.

அதற்குத் திருப்பனந்தாள் கல்யாண வரவேற்பில் பதில் மரியாதை செய்தாள். மைக்கிலேயே, சிரித்துக்கொண்டே, "அரசப்பண்ணே, மூணு தடவ கேட்டுட்டேன், கீபோர்டக் கொறைங்க. மொதல்ல உங்களுக்குத்தான் காது மிஷின் வாங்கணும் போல" என்றாள். பந்தியில் இருந்தவன்கூட இலையை விட்டு நிமிர்ந்து சிரித்தான். மறுநாள் லியாகத் அலி என்னைத் தனியாக அழைத்து, "ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்களேன்" என்றார். நேற்று வந்தவள் பேச்சைக் கேட்டு.

எங்கள் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பாடகர் இடுப்பில் இருக்கும், ஒலியை வாங்கிக் காதுக்குத் தரும் பெட்டியை அணைக்க வேண்டும். பிறகுதான் என் பக்கத்தில் இருக்கும், ஒலியை அனுப்பும் கருவியை. மாற்றிச் செய்தால் காலி அலைவரிசையின் இரைச்சல் நேராகக் காதுக்குள் இறங்கும். அதைத் தடுக்கப் பெட்டியிலேயே பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். அன்று மாலை குத்தாலத்தில் அவள் பெட்டியில் அதை எடுத்துவிட்டேன். பெட்டியின் சத்தத்தை முழுதாக ஏற்றி, என் பக்கம் குறைத்து அனுப்பினேன். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவ்வளவு கூர்மையான காது.

இரண்டாவது சரணத்தில் அவள் கண்ணை மூடியபோது அனுப்பும் கருவியை அணைத்தேன். செருகியதைப் பிடுங்க அவளுக்கு நான்கு நொடி ஆனது. எண்ணினேன். அலறினாள் என்று சாட்சிகள் சொல்கிறார்களாம். வாய் திறந்ததை நானும் பார்த்தேன். அலறல் எதுவும் இல்லை.

இடது காது போய்விட்டதாம். வலதில் ஓயாத ரீங்காரமாம், இனி சுருதி பிடிபடாதாம்.

திரையின் கோளாறு என்றேன், எல்லாரும் நம்பினார்கள். நீங்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்ட பிறகு மறைப்பதில் பயனில்லை. நான்தான் செய்தேன். இல்லாத குறையை என் தலையில் கட்டியவளுக்கு அது வேண்டும்.

ஒன்றுதான் விளங்கவில்லை, சார். அரை மணி நேரமாகக் கேள்விகளை ஏன் தாளில் எழுதி எழுதி நீட்டுகிறீர்கள்? வாயால் கேட்கலாமே.